முள் குத்தினால்தான் காலைப் பார்க்கிறோம்!

தலைப்பு: பழைய இந்திப் பாடல்களை ரீமிக்ஸ் செய்வது பாட்டை வாழ வைக்கிறதா? வதைக்கிறதா?
அணி: வாழ வைக்கிறதே!

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! நான் என்ன பேசினாலும் சிரிப்பதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) மும்பைவாழ் தமிழ்ப் பெருமக்களே! வீட்டில் இருந்தபடி தொலைக்காட்சி பார்க்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

நடுவர் அவர்களே, இந்தத் தலைப்பை மதுரையில கொடுத்திருந்தா, "இந்திப் பாட்டுக்கும் எங்களுக்கும் என்னங்க சம்பந்தம்?"னு கேட்டிருப்பாங்க. மும்பையில யாரும் கேட்க மாட்டாங்க. நான் தாராவியில பிறந்தவ. தாலாட்டைத் தமிழ்ல கேட்டேன். தண்ணிக் குழாய்ல வரிசையில நிக்கும்போது இந்திப் பாட்டு கேட்டேன். பத்துக்குப் பத்து வீடு. எங்க சந்துல ஒரே ஒருத்தர் வீட்டுல ரேடியோ. அவர் விவித் பாரதியைத் திருப்பினா நாப்பது குடும்பம் கேட்கும். காசு கொடுத்து வாங்கினவர் ஒருத்தர், ஓசியில கேட்டவங்க நாப்பது குடும்பம். இந்த ராயல்டி பிரச்சினையே எங்க சந்துலதான் ஆரம்பிச்சிருக்கும்னு நினைக்கிறேன்! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா ரொம்ப உருக்கமாப் பேசினார். மூணு குற்றச்சாட்டு வெச்சார். ஒண்ணு, ரீமிக்ஸ் பழைய பாட்டைக் கெடுக்குது. ரெண்டு, ஆபாசம். மூணு, திருட்டு. அதுக்கு ஒரு உதாரணமும் சொன்னார். "பாட்டியோட பட்டுப் புடவையைக் கிழிச்சு ஜன்னலுக்குத் திரை தைக்கிற மாதிரி இருக்கு ரீமிக்ஸ்" என்றார். நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். நல்லாச் சொன்னா எதிரணியா இருந்தாலும் தட்டணும் இல்லையா?

ஆனா ஐயா, ஒரு சின்ன விஷயத்தை மறந்துட்டீங்க. புடவையைக் கிழிச்சா புடவை போச்சு. பாட்டை ரீமிக்ஸ் பண்ணினா பழைய பாட்டு எங்கேயாவது போச்சா? லதா மங்கேஷ்கர் பாடின நாடாவை யாராவது கத்தரிக்கோல் போட்டு வெட்டினாங்களா? அது இருந்த இடத்துல அப்படியே இருக்கு. இது பாட்டி புடவையைக் கிழிச்ச கதை இல்லைங்க. பாட்டி புடவையோட அச்சைப் பார்த்து பேத்தி ஒரு பாவாடை தைச்சுக்கிட்ட கதை. போட்டுக்கிட்டு தெருவில் போறா. "அடடே, நல்லா இருக்கே, யாரோடது?"ன்னு ஒருத்தி கேட்கிறா. "எங்க பாட்டி புடவையைப் பார்த்துத் தைச்சது"ன்னு பேத்தி சொல்லணும். அதைச் சொல்லிட்டா பாட்டிக்குப் பெருமை. சொல்லாம, "நானே கண்டுபிடிச்சேன்"னு சொன்னா அப்பத்தான் தப்பு. என் கட்சி அவ்வளவுதான். உட்கார்ந்துடலாம். ஆனா இன்னும் நேரம் இருக்கு. (சிரிப்பு)

இதை நான் எங்க கத்துக்கிட்டேன்? எங்க அப்பாகிட்ட கத்துக்கிட்டேன்.

எங்க அப்பா திருநெல்வேலிப் பக்கம். பிழைப்புக்கு ரயில் ஏறி இங்க வந்தவர். 1981-ல நைன்ட்டி ஃபீட் ரோடு பக்கத்துல ஒரு சின்னக் கடை போட்டார். கேசட் ரெக்கார்டிங் கடை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு தாள்ல பத்து, பன்னிரண்டு பாட்டு எழுதிக்கொண்டு போய்க் கொடுக்கணும். ரெண்டு நாள் கழிச்சுப் போனா கேசட்ல பதிஞ்சு கொடுப்பாங்க. அறுபது நிமிஷக் கேசட்டா, தொண்ணூறு நிமிஷக் கேசட்டான்னு கேட்பாங்க. நாடா சிக்கிக்கிட்டா பென்சிலை விட்டுச் சுத்தணும். எங்க வீட்டுல நாங்க பென்சிலை எழுதுறதுக்குப் பயன்படுத்தினதை விட, நாடா சுத்தினதுதான் அதிகம்! (சிரிப்பு)

அப்பாகிட்ட ஒரு பழக்கம். கேசட் அட்டையில வெறும் பாட்டோட முதல் வார்த்தையை மட்டும் எழுதிக் கொடுக்க மாட்டார். படம், வருஷம், பாடினவர், இசை, எழுதினவர். அஞ்சும் இருக்கணும். எறும்பு ஊர்ற மாதிரி சின்ன எழுத்து. ஒரு கேசட்டுக்கு அரை மணி நேரம் எழுதுவார். "ஏம்பா, வாங்கிட்டுப் போறவன் இதையெல்லாம் படிக்கவா போறான்?"னு கேட்டேன். அப்பா சொன்னார்: "ஏளா, ஒருத்தன் நமக்குச் சோறு போடுதான். அவன் பேரு என்னன்னுகூட கேக்காமத் திங்கலாமா?"

இதை மனசுல வெச்சுக்குங்க. கடைசியில இதுக்கு வருவேன்.

இப்ப முதல் குற்றச்சாட்டு. பழைய பாட்டைக் கெடுக்குது, அது பரிசுத்தமா இருந்துச்சுன்னு சொல்றீங்க. எது ஐயா பரிசுத்தம்?

1973-ல வந்த படம் 'யாதோன் கி பாராத்'. அதுல 'சுரா லியா' பாட்டு. ஆஷா போஸ்லேயும் முகமது ரஃபியும் பாடினது. ஆர்.டி. பர்மன் இசை. பாட்டு எப்படி ஆரம்பிக்கும்? கண்ணாடி கிளாஸ்ல ஸ்பூனைத் தட்டின சத்தம்! அது எந்த சாஸ்திரத்துல இருக்கு? அந்த மெட்டோட ஆரம்பமே 1969-ல வந்த ஒரு ஆங்கிலப் படத்துப் பாட்டுல இருந்து வந்தது. அடுத்து 1975-ல 'ஷோலே'. 'மெஹபூபா மெஹபூபா'வை ஆர்.டி. பர்மனே பாடினார். அந்த மெட்டு டெமிஸ் ரூசோஸ் என்கிற கிரேக்கப் பாடகரோட பாட்டுல இருந்து வந்தது. அதுல காலி பாட்டில் வாயில ஊதி ஒரு சத்தம் எடுத்தார். 1968-ல 'படோசன்' படத்துல சீப்பை உரசி ஒரு தாளம். அந்த மனுஷன் கையில எது கிடைச்சாலும் வாத்தியம். அவர் வீட்டு சமையல்கட்டுல சாமான் எதுவும் தப்பிச்சிருக்காதுன்னு நினைக்கிறேன்! (சிரிப்பு, கைதட்டல்)

நான் அவரைக் குறை சொல்லலை. அவர் மேதைன்னு சொல்றேன். அங்கிருந்து கொஞ்சம், இங்கிருந்து கொஞ்சம் எடுத்து, கலந்து, தன் கையால உப்புப் போட்டுக் கொடுத்தார். கலக்கிறதுதான் ரீமிக்ஸ்னா, அதை நேற்றுப் பிறந்த பையன்கள் கண்டுபிடிக்கலை. நீங்க கும்பிடுற சாமியே கலந்தவர்தான்.

அந்த மேதைக்கு என்ன ஆச்சு தெரியுமா? எண்பதுகளோட பின்பாதியில படங்கள் ஓடலை. தயாரிப்பாளர்கள் ஒவ்வொருத்தரா விலகிப் போனாங்க. 1994 ஜனவரி 4-ஆம் தேதி காலமானார். வயசு 54. அவர் இசையமைச்ச '1942: எ லவ் ஸ்டோரி' அவர் இறந்த பிறகுதான் வந்தது. பாட்டெல்லாம் வெற்றி. ஃபிலிம்ஃபேர் விருது கிடைச்சது. வாங்கிக்க ஆள் இல்லை. அன்னைக்கு எங்க அப்பா கடையைத் திறக்கலை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே உட்கார்ந்து கேசட் அட்டை எழுதிக்கிட்டிருந்தார்.

அதே 1994-ல, இங்கிலாந்துல பர்மிங்காம்ல வளர்ந்த பாலி சாகூன்னு ஒரு இளைஞர், 'பாலிவுட் ஃப்ளாஷ்பேக்'னு ஒரு ஆல்பம் போட்டார். அதே 'சுரா லியா'. புதுக் குரல், மேல்நாட்டு நடனத் தாளம். அங்கே பிறந்த நம்ம ஊர்ப் பிள்ளைகள் அதுக்கு ஆடினாங்க. அப்பா அம்மா காருக்குள்ள கேசட் போட்டா ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்த பிள்ளைகள். பள்ளிக்கூடத்துல இந்திப் பாட்டுன்னா கூச்சம். அந்தப் பிள்ளைகள், வெள்ளைக்கார நண்பர்களைக் கூட்டிக்கிட்டுப் போய், "இது எங்க வீட்டுப் பாட்டு"ன்னு ஆடினாங்க. சொந்த நாட்டுல தயாரிப்பாளர்கள் கைவிட்ட மனுஷனோட பாட்டு, அவர் போன வருஷத்துலயே கடல் கடந்து ஆடுது. இது வதைக்கிறதா ஐயா? (கைதட்டல்)

இங்கே மும்பையிலயும் ஒரு ரீமிக்ஸ் இருந்துச்சு. படிச்சவங்க யாரும் அதை மதிக்கலை. 'ஜங்கார் பீட்ஸ்'! பழைய பாட்டை அப்படியே வெச்சு, மேல ஒரு எலெக்ட்ரானிக் டிரம்மை அடிச்சு விடுவாங்க. ரஃபி அழுதுகிட்டே பாடுவார், பின்னால ஒருத்தன் டமால் டுமீல்னு அடிச்சுக்கிட்டிருப்பான். (சிரிப்பு) எங்க அப்பாவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. "அந்த மனுசன் பாட்டுக்கு அழுதுகிட்டு இருக்காரு, இவனுவ கல்யாண மேளம் அடிக்கானுவ"ன்னு திட்டுவார். ஆனா கடைக்கு வர்ற ஒரு ஆட்டோக்கார அண்ணன் சொன்னார்: "நாள் பூரா இன்ஜின் சத்தத்துல ஓட்டறேன். உங்க ஒரிஜினல்ல தபலா என் காதுக்கு வந்து சேரலை. இது வந்து சேருது. சேர்ந்ததாலதான் ரஃபி சாப்கூட ராத்திரி வண்டி ஓட்டறேன்." அப்பா பதில் பேசலை. கேசட்டை எடுத்துக் கொடுத்தார். அட்டையில அஞ்சு பேரும் எழுதித்தான் கொடுத்தார்.

நடுவர் அவர்களே, இப்ப ரெண்டாவது குற்றச்சாட்டு. ஆபாசம். ஐயா பேர் சொல்லாம விட்டார். நான் சொல்றேன். 'காண்டா லகா'!

பேரைச் சொன்னதுமே அரங்கத்துல ஆண்கள் எல்லாம் முகத்தை இறுக்கமா வெச்சுக்கிறாங்க பாருங்க. பக்கத்துல வீட்டுக்காரம்மா இருக்காங்களே! (பலத்த சிரிப்பு)

2002-ல வந்த ரீமிக்ஸ். மூலப்பாட்டு 1972-ல வந்த 'சமாதி' படத்துல. லதா மங்கேஷ்கர் பாடினது. ஆர்.டி. பர்மன் இசை. மஜ்ரூஹ் சுல்தான்புரி எழுதினது. 'காண்டா லகா'ன்னா முள் குத்திடுச்சுன்னு அர்த்தம். ரீமிக்ஸ் வீடியோவுல ஷெஃபாலி ஜரிவாலா ஆடினாங்க. ஊரே ரெண்டுபட்டுச்சு. சின்னத்திரையில இதையெல்லாம் காட்டலாமான்னு சண்டை. திட்டிக்கிட்டே எல்லாரும் பார்த்தாங்க. ஒருமுறை பார்த்தாத் திட்டு போதுமான அளவு வராதுன்னு மறுபடியும் பார்த்தாங்க! (சிரிப்பு)

அந்த மாதிரி வீடியோக்கள் எல்லாத்துக்கும் நான் வக்காலத்து வாங்கலை. நானும் பொண்ணைப் பெத்தவ. ஆனா ஒண்ணு கேட்கிறேன். அது கேமராக்காரர் செஞ்ச வேலையா, தாளம் செஞ்ச வேலையா? கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க, ஆபாசம் எங்க இருக்கு? படம் பிடிச்ச விதத்துல தப்புன்னா படத்தைக் கண்டியுங்க. பாட்டுக்குத் தண்டனை கொடுக்காதீங்க.

அந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போயிருந்தேன். அப்பவே கடை படுத்துருச்சு. சி.டி. வந்தாச்சு, எம்.பி.த்ரீ வந்தாச்சு. நாளைக்கு ரெண்டு பேர் வந்தாப் பெரிசு. காலேஜ் படிக்கிற பையன் ஒருத்தன் வந்தான். காதுல வளையம். "அங்கிள், காண்டா லகா இருக்கா?"ன்னான்.

எங்க அப்பாவுக்கு வந்துச்சே கோபம்! "இங்க அந்தக் குப்பையெல்லாம் கிடையாது. போ"ன்னுட்டார். பையன் திரும்பிப் போறான். அப்பாவுக்கு என்ன தோணுச்சோ, "ஏ தம்பி, இங்க வா. இதைக் கேட்டுட்டுப் போ"ன்னு கூப்பிட்டார். 'சமாதி' கேசட்டை எடுத்துப் போட்டார். லதாஜியோட குரல். பையன் முதல்ல சிரிச்சான். அப்புறம் தோள்ல மாட்டியிருந்த பையைக் கீழே இறக்கி வெச்சான். அப்புறம் அசையலை. பாட்டு முடிஞ்சதும் அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அங்கிள், யார் இவங்க? இவங்க வேற என்ன பாடியிருக்காங்க?"

நடுவர் அவர்களே! லதா மங்கேஷ்கரைப் பார்த்து "யார் இவங்க"ன்னு ஒரு மும்பைப் பையன் கேட்கிறான்! எங்க அப்பா அவனை அடிச்சிருவாரோன்னு பயந்துட்டேன். (சிரிப்பு) அடிக்கலை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உட்காருல"ன்னார். தமிழ்ல! அவனுக்கு என்ன புரிஞ்சுதோ, உட்கார்ந்துட்டான். சாயங்காலம் வரைக்கும் பாட்டுப் போட்டுக் காட்டினார். நான் கொண்டுபோன சோறு ஆறிப்போச்சு. அடுத்த வாரம் அந்தப் பையன் இன்னும் மூணு பேரைக் கூட்டிக்கிட்டு வந்தான்.

அன்னைக்கு ராத்திரி கடையைப் பூட்டும்போது அப்பா சொன்னார்: "முள்ளு குத்துனதும் நல்லதுக்குத்தாம்ளா. முள்ளு குத்துனாத்தான் குனிஞ்சு காலைப் பாக்கான்."

(பலத்த கைதட்டல்)

இதைவிட ரீமிக்ஸுக்கு என்ன விளக்கம் வேணும்? ஓடிக்கிட்டே இருக்கிற பிள்ளைங்க. காலுக்குக் கீழே என்ன மண் இருக்குன்னு பார்க்க நேரம் இல்லாத பிள்ளைங்க. ஒரு முள் குத்துது. குனிஞ்சு பார்க்கிறான். அங்கே 1972 இருக்கு. மஜ்ரூஹ் இருக்கார். லதாஜி இருக்காங்க. அந்த முள் இல்லைன்னா அவன் அந்த மண்ணை மிதிச்சுக்கிட்டே போயிருப்பான்.

மூணாவது குற்றச்சாட்டுக்கு வர்றேன். திருட்டு. இதுதான் கனமான குற்றச்சாட்டு. இதை நான் சிரிச்சு மழுப்ப மாட்டேன்.

1981-ல 'ஜ்யோதி'ன்னு ஒரு படம். பப்பி லாஹிரி இசை. லதா மங்கேஷ்கர் பாடின 'தோடா ரேஷம் லக்தா ஹை'. ரொம்பப் பேருக்கு நினைவில்லாத பாட்டு. 2002-ல அமெரிக்காவுல ட்ரூத் ஹர்ட்ஸ்ங்கிற பாடகி 'அடிக்டிவ்'னு ஒரு பாட்டு வெளியிட்டாங்க. பின்னணியில யாரு? நம்ம லதாஜி! குரலை அப்படியே எடுத்துப் போட்டிருந்தாங்க. அமெரிக்கா முழுக்க ஓடுச்சு. இங்கேயும் அதே பாட்டு 'கலியோன் கா சமன்'னு ரீமிக்ஸ் ஆகி ஓடுச்சு. ஆனா அமெரிக்கத் தட்டுல பப்பி லாஹிரி பேர் இல்லை. அவர் வழக்குப் போட்டார். 2003-ல அங்கே நீதிமன்றம் என்ன சொல்லிச்சு? அவர் பேரைப் போடாம அந்தத் தட்டை விற்கக் கூடாதுன்னு இடைக்காலத் தடை போட்டது.

நல்லாக் கவனியுங்க. பாட்டைக் கலந்ததுக்காக வாசல்ல நிறுத்தலை. பேர் போடாததுக்காக நிறுத்தினாங்க!

ஆனா கதை அதோட முடியலை. வழக்கு நடந்துச்சு. கடைசியில என்ன ஆச்சு? "அந்த மெட்டு உங்களோடது இல்லை. நீங்க கூலிக்குச் செய்து கொடுத்தது. உரிமை உங்ககிட்ட இல்லை"ன்னு அவர் வழக்கு தோத்துப் போச்சு. மெட்டுப் போட்டவருக்கு மெட்டு சொந்தமில்லை! இப்ப சொல்லுங்க, அவரைக் கொள்ளையடிச்சது 2002-ல வந்த டிரம்மா, 1981-ல போட்ட கையெழுத்தா?

வியாதி தாளத்துல இல்லைங்க, கணக்குப் புத்தகத்துல இருக்கு. அதுக்குத்தான் 2012-ல நம்ம பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினாங்க. மாநிலங்களவையில பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் இதுக்காகக் குரல் கொடுத்தார். சினிமாப் பாட்டு தியேட்டருக்கு வெளியே எங்க ஒலிச்சாலும், அதுல வர்ற ராயல்டியில எழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் சமபங்கு உண்டு. அவங்களே எழுதிக் கொடுக்க நினைச்சாலும் அந்தப் பங்கை எழுதிக் கொடுக்க முடியாது. ரீமிக்ஸை ஒழிக்கணும்னு சட்டம் சொல்லலை. பாட்டு ஓடினா சம்பந்தப்பட்டவனுக்குப் பங்கு போய்ச் சேரணும்னு சொல்லுது. அப்படிப் போய்ச் சேர்ந்தா, ஒவ்வொரு ரீமிக்ஸும் ஒரு வயசான கவிஞன் வீட்டுக்குப் போற மணியார்டர் மாதிரி! (கைதட்டல்)

எதிரணியில இருந்து அம்மா கேட்டாங்க: "லதா மங்கேஷ்கரே வருத்தப்பட்டாங்களே, ஏ.ஆர். ரஹ்மானே வருத்தப்பட்டாரே"ன்னு. உண்மை. மறைக்கலை. 2018-ல லதாஜி வெளிப்படையா எழுதினாங்க. ஆனா அவங்க சொன்னதோட சாரம் என்ன? பாட்டோட உயிர் கெடாம புதுசாச் செய்யறதுல தப்பில்லை. உருவமே தெரியாம முறுக்கிச் சிதைக்கிறது தப்பு. உண்மையில படைச்சவங்களை விட்டுட்டு வேற யாருக்கோ பேர் கொடுக்கிறது தப்பு. இதுதானே? அப்ப லதாஜி எங்க அணியில இல்லையா உட்கார்ந்திருக்காங்க? (கைதட்டல்) ரஹ்மான் 2020-ல 'மசக்கலி' பாட்டோட புது வடிவம் வந்தப்ப, 2009-ல 'தில்லி-6'க்கு அந்தப் பாட்டை உருவாக்க எத்தனை கலைஞர்கள் எவ்வளவு உழைச்சாங்கன்னு ஊருக்கு நினைவூட்டினார். நினைவூட்டினதும் மக்கள் என்ன செஞ்சாங்க? பழைய பாட்டைத் தேடிப் போய்க் கேட்டாங்க. மறுபடியும் முள் குத்தினது நல்லதுக்குத்தான்! (சிரிப்பு)

(மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சுட்டீங்க. ரெண்டே நிமிஷம் ஐயா. ஒரு வாக்குமூலம் பாக்கி இருக்கு.

திருட்டு திருட்டுன்னு பேசினோமே. எங்க அப்பா 26 வருஷம் அந்தக் கடையை நடத்தினார். எத்தனை ஆயிரம் கேசட் பதிஞ்சு கொடுத்திருப்பார்! ஆர்.டி. பர்மனுக்கு ஒரு பைசா கொடுத்தாரா? மஜ்ரூஹுக்குக் கொடுத்தாரா? கொடுக்கலை. அந்தக் காசுலதான் நான் படிச்சேன். அந்தக் காசுலதான் என் காதுல தோடு ஏறுச்சு. இன்னைக்கு இந்த மேடையில நின்னு பேசற இந்தத் தொண்டையில போன சோறும் அந்தச் சோறுதான். கடையை மூடின பிறகு ஒருநாள் அப்பாவே சொன்னார்: "எல்லாரு பேரையும் எழுதிட்டேன். ஆனா யாருக்கும் காசு கொடுக்கலியே, தாயி." பேர் ஒரு கடன். காசு ஒரு கடன். எங்க அப்பா ஒரு கடனைத்தான் அடைச்சார். மத்தது என் தலையில இருக்கு. அதனாலதான் இந்த மேடையில அதைப் பத்திப் பேசறேன்.

2018-ல எங்க அண்ணன் மகனுக்குக் கல்யாணம். பொண்ணு வீடு பஞ்சாபி. முதல் நாள் சங்கீத். பிள்ளைங்க டி.ஜே. ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. அப்பாவுக்கு அப்ப எண்பது தாண்டியாச்சு. காது சரியாக் கேட்காது. ஒரு மூலையில நாற்காலியில உட்கார்ந்திருந்தார். 'லைலா மே லைலா' போட்டாங்க. 2017-ல 'ரயீஸ்' படத்துல வந்த ரீமிக்ஸ். எல்லாரும் ஆடறாங்க. நான் அப்பாவைப் பார்க்கிறேன். காது கேட்காத மனுஷன், நாற்காலிக் கையில விரலால தாளம் போடறார். அந்த டிரம் தரையை அதிர வைக்குது இல்லையா, அது கால் வழியா ஏறியிருக்கு. அன்னைக்கு ஆட்டோக்கார அண்ணனுக்கு வந்து சேர்ந்த மாதிரி, இன்னைக்கு அப்பாவுக்கு வந்து சேர்ந்திருக்கு!

என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பேனா கேட்டார். கல்யாணப் பத்திரிகை உறையைத் திருப்பி வெச்சு எழுதினார். கை நடுங்குது. அதே எறும்பு எழுத்து. 'குர்பானி, 1980. இசை: கல்யாண்ஜி-ஆனந்த்ஜி. பாடல்: இந்தீவர். பாடியவர்கள்: அமித் குமார், காஞ்சன்.' "கொண்டுபோய் அந்தப் பையன்கிட்ட குடு"ன்னார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த டி.ஜே. பையனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நான் படிச்சுக் காட்டினேன். "ஆன்ட்டி, இது பழைய பாட்டா?"ன்னு கேட்டான். நல்ல பையன். பாட்டை நிறுத்தினான். மைக்கை எடுத்தான். அந்தப் பேர்களை ஒவ்வொண்ணாச் சொன்னான். அப்புறம் தன் பெட்டியில தேடி, 1980 பாட்டை எடுத்துப் போட்டான். அதுவரைக்கும் ஒதுங்கி உட்கார்ந்திருந்த பொண்ணு வீட்டுப் பாட்டிகள் எல்லாம் எழுந்துட்டாங்க ஐயா! ஒரே பாட்டுக்கு, ஒரே தரையில, பாட்டியும் பேத்தியும் ஆடினாங்க. பேத்தி வந்தது புதுப்பாட்டு வழியா. பாட்டி வந்தது பழைய பாட்டு வழியா. சந்திச்ச இடம் ஒண்ணு.

காஞ்சன்ங்கிற பேரை அந்த மண்டபத்துல எத்தனை பேர் அதுக்கு முன்னால கேட்டிருப்பாங்க? ஒரு ரீமிக்ஸ் ஓடினதாலதான், ஒரு கிழவர் பேனா கேட்டதாலதான், அந்தப் பேர் அன்னைக்கு மைக்குல ஒலிச்சது.

அப்பா இன்னைக்கு இல்லை. அவர் எழுதின நோட்டுகள் என்கிட்ட இருக்கு. அதனால இந்த அரங்கத்துல இருக்கிற இளைஞர்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு முடிச்சிடறேன். ஆடுங்க. நல்லா ஆடுங்க. தாளத்தை மாத்துங்க, வேகத்தைக் கூட்டுங்க. ஆனா ஆடறதுக்கு முன்னால பேரைச் சொல்லுங்க. பங்கைக் கொடுங்க. ரெண்டும் செஞ்சா எந்தப் பாட்டும் சாகாது. பேர் தெரியாம அலமாரியில பத்திரமா இருக்கிற பாட்டைவிட, பேரோட தெருவில் ஆடற பாட்டுதான் உயிரோட இருக்கிற பாட்டு.

ஆகவே நடுவர் அவர்களே, ரீமிக்ஸ் பழைய பாட்டை வாழ வைக்கிறதே, வாழ வைக்கிறதே என்று நல்ல தீர்ப்பைத் தருமாறு கேட்டுக்கொண்டு, எதிரணியில இருக்கிற அம்மா கடைசியில சிரிச்சுட்டாங்க என்பதையும் தொலைக்காட்சி நேயர்களுக்குத் தெரிவித்துக்கொண்டு, விடைபெறுகிறேன்.

(சிரிப்பு, பலத்த கைதட்டல்)